உப்பு வளர்த்த ஊர்

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஒரு வேளை சோறு போட்டவரை மறக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னது. ஆனால், அந்தச் சோற்றில் விழுந்த உப்பை விளைவித்தவர் யார், அவர் எந்த வீட்டில் குடியிருந்தார், அவருடைய பிள்ளை குட்டிகள் என்ன ஆனார்கள் என்று நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்? அப்படி நினைத்துப் பார்த்த ஓர் ஊரைக் கண்டு வந்தேன். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர்கள் அந்த ஊரின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

ஊரின் பெயர் பிரான். பெயரைக் கேட்டதும் சிவபிரானும் எம்பிரானும் உங்கள் நினைவுக்கு வரலாம். எனக்கும் அப்படித்தான் வந்தது! ஆனால் இந்தப் பிரான், ஐரோப்பாவில் ஸ்லோவேனியா என்னும் சின்னஞ்சிறு நாட்டில் இருக்கிறது. இத்தாலி நாட்டுக்கும் அதன் கிழக்கே உள்ள நாடுகளுக்கும் நடுவில் நீளமாகப் படுத்துக் கிடக்கும் ஏட்ரியாட்டிக் கடலின் வடகோடியில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலமுனைதான் பிரான். ஸ்லோவேனியாவுக்கு வாய்த்த கடற்கரை மொத்தமே ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். அந்தக் கொஞ்சக் கரையிலும் மனத்தில் நிற்கிற ஊர் இதுதான்.

என் மகன் வேலை நிமித்தமாக இத்தாலியின் திரியெஸ்தே நகருக்குப் போனபோது, "அம்மா, நீங்களும் வாருங்கள்" என்று வற்புறுத்தி அழைத்துப் போனான். திரியெஸ்தே ஒரு காலத்தில் ஆஸ்திரியப் பேரரசின் பெரிய துறைமுகம். 1869-ல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்ட பிறகு, அங்கிருந்து கிளம்பிய நீராவிக் கப்பல்கள் பம்பாய்க்கும் கீழ்த்திசை நாடுகளுக்கும் வந்து போயின. அந்த நகரிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் பிரானுக்குப் போய்விடலாம். எல்லையில் நிறுத்திக் கேட்பார்கள் என்று கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. 2007-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த எல்லைச் சோதனையை எடுத்துவிட்டார்களாம்.

கடலைத் தூர்த்த சதுக்கம்

ஊருக்குள் வெளியூர்க் கார்கள் நினைத்தபடி நுழைய முடியாது. வெளியே நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். அதுவே ஒரு நிம்மதி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோளை ஒடுக்கிக்கொண்டு போக வேண்டிய சந்துகள். ஒரு வீட்டு சன்னலிலிருந்து எதிர்வீட்டு சன்னலுக்குக் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். பழைய ஊரில் குடியிருப்பவர்கள் சுமார் நாலாயிரம் பேர்தான்.

சந்துகளைக் கடந்தால் திடீரென்று வெளிச்சமாக ஒரு பெரிய சதுக்கம் விரிகிறது. முன்பு அது ஊரின் உள்துறைமுகம். மீன்பிடி படகுகள் வந்து கட்டிய இடம். 1894-ல் அதைத் தூர்த்துத் திடலாக்கினார்கள். நடுவில் வயலின் கலைஞர் ஜுசெப்பே தார்த்தினியின் சிலை நிற்கிறது. அவர் 1692-ல் இந்த ஊரில் பிறந்தவர். கனவில் பிசாசு வந்து வயலின் வாசித்ததாகவும், விழித்தெழுந்து அதைத் தாம் இசையாக எழுதியதாகவும் அவரைப் பற்றி ஒரு கதை உலகமெங்கும் வழங்குகிறது. அவருக்குச் சிலை வைத்தது 1896-ல். அவருடைய தகப்பனார் இங்கே உப்பளங்களை மேற்பார்த்த அதிகாரி. நம் கணக்கில் சொன்னால் துரை வீட்டுப் பிள்ளை. உப்பு வாரியவர்களுக்குச் சதுக்கத்தில் சிலை இல்லை. அவர்களைத் தேடி நாம் வேறு இடத்துக்குப் போக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

சதுக்கத்தின் மூலையில் சிவப்பு வண்ணத்தில் ஒரு பழைய வீடு. 15-ஆம் நூற்றாண்டில் கட்டியது. வெனிஸ் நகரத்து வணிகர் ஒருவர் இந்த ஊர்ப் பெண்ணை நேசித்து, அவளுக்காகக் கட்டிய வீடு என்று கதை சொல்கிறார்கள். ஊரார் வம்பு பேசினார்களாம். அவர்களுக்குப் பதிலாக, "பேசுகிறவர்கள் பேசட்டும்" என்று பொருள்படும் வாசகத்தைக் கல்லில் வெட்டி வீட்டு முகப்பிலேயே பதித்துவிட்டாராம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது அங்கேயும் தெரிந்திருக்கிறது!

பிரான் 1283 முதல் 1797 வரை, ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, வெனிஸ் குடியரசின் ஆட்சியில் இருந்தது. அதனால் ஊரே ஒரு குட்டி வெனிஸ் போல இருக்கிறது. மேட்டில் உள்ள புனித ஜார்ஜ் தேவாலயத்தின் மணிக்கூண்டைக்கூட, வெனிஸ் நகரத்துப் புகழ்பெற்ற மணிக்கூண்டைப் பார்த்து அதே சாயலில் கட்டியிருக்கிறார்கள். அதன் பழைய மரப்படிகளில் மூச்சு வாங்க ஏறினேன். ஒரு பக்கம் இத்தாலி, ஒரு பக்கம் குரோஷியா, கீழே செம்மண் ஓடு வேய்ந்த கூரைகள், மூன்று புறமும் நீலக் கடல். கண்கொள்ளாக் காட்சிதான்.

அந்தக் கூரைகளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சுற்றிலும் கடல் இருந்தும் பிரானில் குடிநீருக்குத் தவிப்புதான். 1775-ல் கடும் வறட்சி வந்து ஊரை வாட்டியது. அதற்குப் பிறகு, ஊரின் பழைய சதுக்கத்தில் பெரிய கல்மேடை ஒன்றைக் கட்டி, அதன் அடியில் தொட்டி அமைத்தார்கள். சுற்றியுள்ள வீடுகளின் கூரைத் தண்ணீர் குழாய் வழியே அந்தத் தொட்டிக்குள் இறங்கும். மேடைமேல் இருக்கும் கிணற்று வாய்களில் பெண்கள் நீர் இறைத்துப் போவார்கள். லயத்துக் கோடியில் இருந்த ஒரே குழாயடியில் வாளியோடு வரிசை நின்றவர்களுக்கு, அந்த மேடையைப் பார்த்தால் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. அந்தச் சதுக்கத்துக்கு இன்றைய பெயர் மே முதல் நாள் சதுக்கம். தொழிலாளர் தினத்தின் பெயர்!

ஊரோடு இடம்பெயர்ந்த குடும்பங்கள்

இவ்வளவு அழகான மாளிகைகளும் கோயில்களும் எழும்ப, இந்தச் சிறு ஊருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? உப்பிலிருந்து வந்தது. மீனைப் பதப்படுத்தவும் இறைச்சியைக் கெடாமல் வைக்கவும் உப்பை விட்டால் வேறு வழியில்லாத காலம் அது. வெனிஸ் அரசு உப்பு வாணிபத்தைத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

பிரானிலிருந்து சில மைல் தூரத்தில், குரோஷிய எல்லையை ஒட்டி, செச்சோவ்லியே என்னும் இடத்தில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. ஏறத்தாழ 650 ஹெக்டேர். நம் தோட்டக் கணக்கில் 1600 ஏக்கர். இந்தக் கரையோரத்து உப்பளங்களைப் பற்றிய எழுத்துச் சான்று கி.பி. 804-ஆம் ஆண்டிலேயே இருக்கிறது.

நாங்கள் போனது ஜூன் மாதம். உப்பு வாரும் பருவம் தொடங்கியிருந்தது. கடல்நீரை முதலில் பெரிய பாத்திகளில் விடுகிறார்கள். வெயிலும் காற்றும் பட்டுத் தண்ணீர் சுண்டச் சுண்ட, அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றுகிறார்கள். கடைசிப் பாத்தியில் நீர் முற்றி, உப்பு பூக்கிறது. நீண்ட பிடி போட்ட மரப் பலகையால் அதை மெல்ல இழுத்துக் குவிக்கிறார்கள்.

பார்க்கச் சுலபமாகத் தெரியும் இந்த வேலையில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாத்தியின் அடியில் வெறும் களிமண் இருந்தால் உப்பில் சேறு கலந்துவிடும். அதைத் தடுக்க, களிமண்ணின்மேல் மெல்லிய பாய் போன்ற ஒரு படலத்தை வளர்க்கிறார்கள். நுண்ணிய பாசியும் கனிமங்களும் சேர்ந்து உருவாகும் அந்தப் படலத்துக்குப் பெத்தோலா என்று பெயர். குரோஷியாவின் பாக் தீவு உப்பளத்தாரிடமிருந்து 14-ஆம் நூற்றாண்டில் கற்றுக்கொண்ட வித்தை. இதனால்தான் பிரான் உப்பு வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பலகையைக் கொஞ்சம் அழுத்தினால் படலம் கிழியும். மேலோட்டமாக இழுத்தால் உப்பு தங்கிவிடும். பட்டையைச் சீவும்போது கத்தி மரத்தில் பட்டுவிட்டால் மரம் காயமாகும், மேலாகச் சீவினால் பால் வராது என்று நம்மவர்களுக்குத் தெரியுமே, அதே கை நிதானம்.

ஏப்ரல் 24-ஆம் நாள் புனித ஜார்ஜ் திருநாள். அந்த நாளை ஒட்டி, பிரானின் உப்பளக் குடும்பங்கள் பாய் படுக்கை, சட்டி பானை, கோழி, குழந்தை எல்லாவற்றையும் படகில் ஏற்றிக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பிவிடும். ஆகஸ்ட் 24-ஆம் நாள், புனித பர்த்தலோமேயு திருநாள் வரைக்கும் அங்கேதான் குடியிருப்பு. ஆண், பெண், பிள்ளை என்று வீட்டில் நடக்கத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் வேலை உண்டு. உப்பளம் பெரும்பாலும் வேறொருவருடையது. உழைத்தவனுக்கு விளைச்சலில் ஒரு பங்கு.

அவர்கள் குடியிருந்த கல் வீடுகள் வாய்க்கால் கரையோரமாக வரிசையாகக் கட்டப்பட்டவை. கீழ்த்தளம் உப்புக் கிடங்கு, மேல்தளம் குடும்பம். இரண்டு பக்கமும் சன்னல் வைத்திருக்கிறார்கள். காற்று வருவதற்கு என்று நினைத்தேன். மழை வருகிறதா என்று பார்ப்பதற்காம்.

ஆம், மழைதான் அவர்களுக்குப் பகை. நான்கு நாள் வெயிலில் முற்றிய நீரின்மேல் அரை மணி நேரம் மழை பெய்தால் போதும், உழைப்பு கரைந்துவிடும். மேகம் கறுத்தால் நள்ளிரவாக இருந்தாலும் குடும்பத்தோடு எழுந்து ஓடி, பூத்த உப்பை வாரிச் சேர்க்க வேண்டும். முற்றிய நீரைக் குழியில் இறக்கிக் காப்பாற்ற வேண்டும்.

இதைக் கேட்டபோது எனக்கு என் தாயாரின் முகம் கண்முன் வந்தது. விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, லயத்து வாசலில் நின்று இருட்டில் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். அந்த நாளில் மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் கூலியும் இல்லை. பெரட்டுக்குப் போய்த் திரும்பி வருகிற நாளில் அவர் யாரோடும் பேச மாட்டார். அடுப்பைப் பற்ற வைப்பதிலேயே மும்முரமாக இருப்பார். பூமியின் இன்னொரு பக்கத்தில், வேறு மொழி பேசி வேறு சாமி கும்பிட்ட ஒரு தாயும் அப்படித்தான் சன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

கூரை இழந்த வீடுகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தக் கரையோரத்தின் தலையெழுத்து மாறியது. போருக்கு முன் பிரானில் பெரும்பாலோர் இத்தாலிய மொழி பேசியவர்கள். இந்தப் பகுதி யாருக்குச் சேர வேண்டும் என்ற வழக்கு நீண்டு, 1954-ஆம் ஆண்டு லண்டனில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி பிரான் யுகோஸ்லாவியாவின் நிர்வாகத்துக்குள் வந்தது. இத்தாலிய மக்களில் பெரும்பாலோர் வீடு வாசலை விட்டுவிட்டு இத்தாலிக்குப் போய்விட்டார்கள். தலைமுறை தலைமுறையாக உப்பு வாரிய குடும்பங்களும் அவர்களோடு போயின. உள்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1960-களில், ஃபோன்தனிஜ்ஜே என்னும் பெரும் பகுதியில் உப்பு எடுப்பதே நின்றுபோனது. லேரா என்னும் பகுதியில் மட்டும் இன்றும் பழைய முறையில் எடுக்கிறார்கள்.

கைவிடப்பட்ட பகுதியில் நடந்து போனோம். வாய்க்கால் கரையெங்கும் கூரை விழுந்த வீடுகள். சுவர் நிற்கிறது, சன்னல் திறந்து கிடக்கிறது, உள்ளே செடி முளைத்திருக்கிறது. பாத்திகளில் நாரையும் கொக்கும் நிற்கின்றன. ஏறக்குறைய 300 வகைப் பறவைகள் அங்கே வந்து போவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 1993-ல் இந்த உப்பளங்கள் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

அந்த இடிபாடுகளின் நடுவே, சில வீடுகளை மட்டும் பழுது பார்த்து உப்புத் தொழில் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். இதற்காக ஐரோப்பாவின் மரபுக் காப்பு விருது ஒன்று 2003-ல் கிடைத்தது. உப்பு வாரியவர்களைத் தேடிப் போக வேண்டிய இடம் என்று முன்பு சொன்னேனே, அது இதுதான். ராஜா ராணி கிரீடம் ஒன்றும் அங்கே இல்லை. உப்பு வாரிய பலகை, உப்பின்மேல் நடக்கப் போட்ட மரச் செருப்பு, அடுப்பு, ரொட்டி பிசைந்த பாத்திரம், ஒரு கட்டில். அவற்றைக் கண்ணாடிக்குள் பத்திரப்படுத்தி, பக்கத்தில் இன்னின்ன வேலைக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

வழிகாட்டிய அம்மாள் என்னை ஒத்த வயதுடையவர். என்னுடைய அரைகுறை ஆங்கிலமும் அவருடைய அரைகுறை ஆங்கிலமும் நன்றாகவே பேசிக்கொண்டன. நாங்கள் மலேசியாவிலிருந்து வருகிறோம், என் தாயார் பால்மரம் வெட்டியவர், நானும் பள்ளி விடுமுறையில் அவருக்குத் துணையாகப் போயிருக்கிறேன் என்றேன்.

"நீங்கள் பிறந்த வீடு இப்போது இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை. தோட்டமே இல்லை. வீடமைப்பு வந்துவிட்டது. கோயில் மட்டும் இருக்கிறது."

"உங்கள் அம்மாவின் கத்தி?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. என் மகன் என்னைப் பார்த்தான். "என் தம்பி வீட்டில் இருக்கிறது. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறான்" என்றேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பலகை ஒன்றைத் தொட்டுக் காட்டி, "இதுவும் அப்படித்தான் எங்கேயோ கிடந்தது" என்றார்.

வந்தவரும் இருந்தவரும்

பிரானில் இன்னும் இரண்டு செய்திகள் என் மனத்தில் பதிந்தன. ஒன்று, மொழி. தெருப்பலகை எல்லாம் ஸ்லோவேனிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் இருக்கின்றன. இத்தாலியர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள் என்று சொன்னேன். எஞ்சியிருப்பவர்கள் சிறு தொகையினர்தான். ஆனாலும் அவர்களுக்கு இத்தாலிய மொழிப் பள்ளிகள் நடக்கின்றன. 1991-ல் தனி நாடான ஸ்லோவேனியாவின் நாடாளுமன்றத்தில், இத்தாலியச் சமூகத்துக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் குறைவு என்பது பள்ளிக்கூடத்தை மூடக் காரணமாகிவிடவில்லை. வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். இந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. மகனிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

மற்றொன்று, நகரத் தலைவர். ஆப்பிரிக்காவின் கானா நாட்டிலிருந்து யுகோஸ்லாவியாவுக்கு மருத்துவம் படிக்க வந்த பீட்டர் பொஸ்மன் என்பவர், பிரான் வட்டாரத்திலேயே மருத்துவராகத் தங்கிவிட்டார். 2010-ல் அந்த மக்களே அவரை நகரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2018 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஒரு கறுப்பினத்தவர் அந்த நாட்டில் நகரத் தலைவரானது அதுவே முதல் முறை. ஊர் விட்டு ஊர் வந்து உழைத்தவர்களின் வாரிசுகளாகிய நாம், இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மண்ணை நம்பி வந்தவனை மண் தள்ளிவிடுவதில்லை. மனிதர்கள் மனம் வைத்தால் போதும்.

வாசக அன்பர்களே! பிரானைப் பார்க்க எல்லாராலும் போக முடியாது. நிறையப் பணம் வேண்டும், காலம் கூடி வர வேண்டும். அது பரவாயில்லை. பிரான் மக்கள் செய்த வேலையை மட்டும் நாம் நம் வீட்டிலிருந்தே செய்யலாம். அங்கே ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் உப்பளத்தார் திருவிழா கொண்டாடுகிறார்கள். உப்பு வாரிய கை மறைந்தாலும் அதன் பெருமை மறையக் கூடாது என்பதற்காக.

நம் வீடுகளில் பால் வெட்டும் கத்தி இருக்கலாம். மங்கு இருக்கலாம், நெற்றியில் கட்டிய விளக்கு இருக்கலாம், துரை கையெழுத்திட்ட செக்ரோல் துண்டு இருக்கலாம், தோட்டப் பள்ளியில் எடுத்த பழைய படம் இருக்கலாம். துருப்பிடித்த இரும்பு என்று பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். துடைத்து எண்ணெய் பூசி, இது யாருடையது, எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் வெட்டு என்று ஒரு தாளில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். எழுபது எண்பது வயதுப் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த மறுவாரமே நான் தம்பி வீட்டுக்குப் போனேன். கத்தி இப்போது என் வீட்டு வரவேற்பறையில், சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில், பிரானில் வாங்கிய ஒரு பிடி உப்பு. வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதலில் கேட்பது, "பாட்டி, இது என்ன?" என்றுதான். சொல்வதற்கு எனக்குக் கதை இருக்கிறது.